காகிதம் சரியாக இருந்தால் போதுமா? பணச்சலவைத் தடுப்பில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

குற்றத்தில் வந்த பணத்தை நேர்மையான வருமானம்போலக் காட்டுவதுதான் பணச்சலவை. வங்கிகளில் அதைத் தடுக்கும் பிரிவில் சேரும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் தலைமுறை சேர்ந்த புதிதில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். காலாவதியான அடையாள அட்டை, பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை மென்பொருளே பிடித்துவிடும்.

## காகிதம் சரியாக இருக்கிறது என்று அலர்ட்டை மூடுவது

சந்தேகமான பரிவர்த்தனையைக் கண்டால் மென்பொருள் எழுப்பும் எச்சரிக்கைதான் அலர்ட். அதைப் பார்த்துவிட்டு, சந்தேகமில்லை என்று முடித்துவிடுவதை மூடுவது என்போம். இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். "இன்வாய்ஸ் இருக்கு, ஒப்பந்தம் இருக்கு, தொகையும் ஒத்துப்போகுது, மூடிட்டேன்" என்பார்கள். போதைப்பொருள் விற்றும் ஆட்களைக் கடத்தியும் சம்பாதிக்கும் கும்பலுக்கு நல்ல கணக்காளர் கிடைக்கமாட்டாரா? நேர்மையான சிறு வியாபாரியின் பில்லில்தான் தேதி மாறியிருக்கும், கூட்டல் பிசகியிருக்கும். சலவைக்காகவே தொடங்கிய கம்பெனியின் கோப்பில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது.

துணி மொத்த வியாபாரம் என்று பதிவான ஒரு கணக்கு. பெரிய தொகைகள் வரும், ஓரிரு நாளில் வெளிநாட்டுக்குப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் இன்வாய்ஸ் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அலர்ட்டை மூடினார். அடுத்த அலர்ட்டை இன்னொருவர், "முன்பே பார்த்தாயிற்று" என்று எழுதி மூடினார். அப்புறம் அது எங்களிடம் வந்தபோது, அந்தக் கணக்கில் என்னவெல்லாம் இல்லை என்று பார்த்தோம். யாருக்கும் சம்பளம் போகவில்லை. கிடங்கு வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, லாரிக்காரருக்கு ஒரு காசுகூடப் போகவில்லை. அதற்குள் பணம் பல நாடுகளைத் தாண்டிவிட்டது. மீட்க வழியில்லை.

சம்பளத்துக்கு வேறு வங்கியில் கணக்கு வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். சரி, அப்படியானால் அந்தக் கணக்குக்காவது இங்கிருந்து பணம் போயிருக்க வேண்டும்.

டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளையில் 2007 முதல் 2015 வரை வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கணக்குகள் வழியாக ஏறத்தாழ 20,000 கோடி யூரோ ஓடியது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று வங்கியே நியமித்த விசாரணை 2018இல் சொன்னது. அங்கே வேலை பார்த்த ஹோவர்ட் வில்கின்சன் 2013இலேயே எச்சரித்திருந்தார். பிரிட்டனில் பதிவான ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் அந்நாட்டு அரசுப் பதிவேட்டில் பொய்க் கணக்கு கொடுத்திருப்பதை அவர் கண்டுபிடித்தார். வாடிக்கையாளர் நீட்டும் காகிதத்தை வெளியே உள்ள ஒரு பதிவோடு ஒப்பிடாமல் எந்தக் கோப்பையும் மூடாதீர்கள்.

## பெரிய தொகையை மட்டும் தேடுவது

அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அறிக்கை தர வேண்டும். கும்பலுக்கும் இது தெரியும். 9,000, 8,500 என்று பிரித்து, பல ஆட்களை அனுப்பிக் கட்டுவார்கள்.

## "இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நினைப்பது

மெக்சிகோ, கொலம்பியா போதைக் கும்பல்கள் எச்.எஸ்.பி.சி. வழியாகக் குறைந்தது 88 கோடி டாலரை வெள்ளையாக்கின. வங்கிக் கவுன்டரின் திறப்பில் நுழையும் அளவுக்கென்றே பெட்டி செய்து ரொக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 2012இல் அந்த வங்கி அமெரிக்க அரசுக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. வெள்ளையான பணம்தான் அடுத்த சரக்குக்கும் துப்பாக்கிக்கும் லஞ்சத்துக்கும் போகிறது.

கண்ணில் படாத சேதமும் உண்டு. சலவைக்காக நடத்தும் உணவகத்துக்கு லாபமே தேவையில்லை, அடக்கவிலைக்குக் கீழேயும் விற்கும். கடன் வாங்கிப் பக்கத்தில் உணவகம் நடத்துகிறவர் எவ்வளவு உழைத்தாலும் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூடிவிட்டுப் போகிறார். வீடுகளைப் பேரம் பேசாமல் வாங்கிக் குவிப்பதால் சம்பளக்காரருக்கு வீடு எட்டாமல் போகிறது. இவர்கள் யாருக்கும் தாங்கள் எதனால் நொடித்தோம் என்றே தெரியாது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

## வாடிக்கையாளரிடம் சந்தேகத்தைச் சொல்லிவிடுவது

கூடவே கூடாது. பல நாடுகளில் அதுவே குற்றம்.

## "சந்தேகத்துக்குரியது" என்று மட்டும் எழுதி அனுப்புவது

வங்கிகள் அனுப்பும் சந்தேக அறிக்கைகள் நிதிப் புலனாய்வுப் பிரிவு என்ற அரசு அமைப்புக்குப் போகின்றன. அங்கே அதைப் படிப்பவருக்கு உங்கள் வாடிக்கையாளரைத் தெரியாது. யார், எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து எங்கே அனுப்பினார், அவர் சொன்ன தொழிலோடு அது ஏன் ஒட்டவில்லை என்று எழுதுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, படிப்பவர் பணம் போன அடுத்த வங்கியிடம் கேள்வி கேட்க முடிய வேண்டும்.