புதுக்கோட்டைக் குடைவரைகளுக்கு இரண்டு நாள்: பெரியவர்களைக் கூட்டிப்போவது எப்படி?

குடைவரை என்றால் பாறையைக் குடைந்து செய்த கோயில். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம், பிள்ளையார்பட்டி. இந்த ஐந்தையும் இரண்டே நாளில் அவசரமில்லாமல் பார்க்கலாம். போன தை மாதம் அம்மா, சித்தி, அத்தை மூவரையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். எனக்கு அது இரண்டாவது தடவை. முதல் தடவை வரிசை மாறிப்போனதால், திருமயம் வரை வந்தும் அம்மா பெருமாளைச் சேவிக்காமல் திரும்பினார். அதனால் இந்தப் பதிவில் வரிசையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

படி 1: கதவு நேரத்தை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். பூசை நடக்கும் கோயில்கள் ஒரு பக்கம், தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் சின்னங்கள் மறுபக்கம். கோயில்கள் மதியம் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். சின்னங்கள் பகல் முழுக்கத் திறந்திருந்தாலும் மாலையில் சீக்கிரம் மூடிவிடும்.

நான் சறுக்கியது இங்கேதான். திருமயத்துக்குப் போனால் சாலையிலிருந்தே கோட்டை கண்ணை இழுக்கும். 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. அதில் ஏறி, பாறையின் நடுவே குடைந்திருக்கும் லிங்கத்தையும் பார்த்து, பீரங்கி மேடையில் காற்று வாங்கிவிட்டு இறங்கினோம். மணி பன்னிரண்டரை. கோயில் கதவு சாத்தியிருந்தது. நான்கு மணி வரை காத்திருக்க வண்டிக்கு நேரமில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வந்தார். எனக்கு அது ஆறவேயில்லை. ஆகவே கோயில் முதலில், கோட்டை அப்புறம்.

படி 2: வண்டியும் பையும்

பேருந்து இருக்கிறது. ஆனால் பெரியவர்களோடு போகும்போது வாடகை காரே நல்லது. அந்தப் பக்கத்து ஓட்டுநராகப் பாருங்கள். பையில் தண்ணீர், குடை, ஆளுக்கொரு ஜோடி பழைய பருத்திக் காலுறை. வெயில் ஏறிய கல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பெரிய கேமராவைவிடச் சின்ன பைனாகுலர் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இங்கே பார்க்க வேண்டியவை பாதி விதானத்தில், அதாவது கூரையின் உட்புறத்தில், இருக்கின்றன.

படி 3: முதல் நாள்

காலையில் நார்த்தாமலை. திறந்த பாறையில் ஏற வேண்டும், எட்டரை மணிக்குள் இறங்கிவிடுங்கள். விஜயாலய சோழீச்சரத்தின் கருவறை வட்டமாக இருக்கும். பெயரில் சோழன் இருந்தாலும் கட்டியவர் முத்தரையர் குலச் சிற்றரசர் ஒருவர் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள். அதில் ஒன்றுக்குச் சமணர் குடகு என்று பெயர், உள்ளே வரிசையாக நிற்பவர்களோ பன்னிரண்டு திருமால்கள். சித்தி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார்.

அங்கிருந்து குடுமியான்மலை, நடை சாத்துவதற்குள். முன்மண்டபச் சிற்பங்களிலேயே நேரத்தைச் செலவழித்துவிடாதீர்கள், பின்னால் மேலைக்கோயில் குடைவரை இருக்கிறது. அதன் பக்கத்துப் பாறையில் 38 வரிகளில் இசைக் கல்வெட்டு. ஏழு ராகங்களுக்கான சுரக் கோவைகள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கடைசியில் மட்டும் தமிழில் ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று வரும். ருத்ராசாரியர் என்பவரின் சீடரான ஒரு மன்னர் மாணவர்களுக்காக வெட்டிவைத்த பாடம் அது. பாட்டு கற்றவர் யாராவது கூட இருந்தால் அவரை அங்கே கொஞ்சம் தனியாக நிற்க விடுங்கள்.

சாப்பிட்டுவிட்டு சித்தன்னவாசல். அங்கே அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. குன்றின் மேற்குச் சரிவில் இருப்பதால் பிற்பகல் வெளிச்சம் உதவும். பலர் உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்து, “ஒன்றும் தெரியலையே” என்று திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு நேரம் வேண்டும். போன் டார்ச் அடிக்காதீர்கள், ஓவியத்துக்கும் நல்லதில்லை. பேசாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதலில் பச்சை தெரியும், அப்புறம் தாமரை இலை, பிறகு மீன், அன்னம், யானை, கடைசியில் பூப்பறிக்கும் மனிதர். முழுக்குளமும் விதானத்தில் விரியும். தூண்களின் மேற்பகுதியில் ஆடும் பெண்களை மறக்காதீர்கள். முன்பு இதைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனோடு இணைத்துப் பேசினார்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது, அதாவது 9ஆம் நூற்றாண்டு.

குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகளும் கிறிஸ்துவுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தாதீர்கள். அத்தை கீழே இருந்துகொண்டார், துணைக்குச் சித்தி. இரவு புதுக்கோட்டையில் தங்கல்.

படி 4: இரண்டாம் நாள்

ஏழரைக்கெல்லாம் திருமயம் கோயில் வாசலில் இருங்கள். ஒரே பாறையில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பள்ளிகொண்ட பெருமாளின் காலடியில் இரண்டு அசுரர்கள் விரட்டப்படுகிறார்கள். பெருமாள் உறங்கும்போது ஆதிசேஷன் தானாகவே நஞ்சைக் கக்கி அவர்களை விரட்டினானாம். கேட்காமல் செய்துவிட்டோமே என்று அஞ்சியவனைப் பெருமாள் தட்டிக்கொடுத்தாராம். உள்ளே போகும் முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள், சன்னதியில் நிற்கும்போது தானாகப் புரியும். பக்கத்துச் சிவன் குடைவரையில் பெரிய லிங்கோத்பவரும் உண்டு. அப்புறம் கோட்டை.

பதினொரு மணிக்குள் பிள்ளையார்பட்டி. கற்பக விநாயகர் இரண்டே கைகளோடு, வலம்புரியாக, பாறையிலேயே அமர்ந்திருக்கிறார்.

பின்குறிப்பு: சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டிக்குப் போய் நெடுநேரம் வரிசையில் நின்றதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். குன்றக்குடியைச் சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மாலை நடை திறக்கும் வரை இருக்க முடிந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். படி ஏற முடியாதவர்களும் அடிவாரக் குடைவரைகளைப் பார்க்கலாம்.