தட்டிப்போட்ட பச்சை ஆலிவ்: அந்தலூசியப் பண்ணை வீட்டு முறை, படிப்படியாக

மரத்திலிருந்து பறித்த ஆலிவ் காயை அப்படியே வாயில் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டாம் தடவை போட மாட்டார்கள். அவ்வளவு கசப்பு. ஓலியூரோப்பின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். அது தண்ணீரில் கரையக்கூடியது. காய்க்குள் தண்ணீர் போக வழி செய்து, அந்தத் தண்ணீரை விடாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் கசப்பு இறங்கிவிடும். இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான், உப்பும் மசாலாவும் பிறகு வருபவை.

தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில், கொர்த்திஹோ எனப்படும் பண்ணை வீடுகள் பலவற்றில் இப்போது விருந்தினர்கள் தங்கலாம். எண்ணெய்க்கான அறுவடை நவம்பரில் சூடுபிடித்து ஜனவரி வரை போகும், அதன் பின் கிளை கழிப்பு. உண்பதற்கான பச்சைக் காயைப் பறிப்பது அதற்கெல்லாம் முன்பே, செப்டம்பர், அக்டோபரில். இதற்கு வெர்தேயோ என்று பெயர். புதிதாகப் போகிறவர்கள் சேர்ந்துகொள்ள இதைவிட நல்ல பருவம் இல்லை, ஏனென்றால் எந்திரம் எதுவும் வேண்டாம்.

காய் தேர்வு

மன்சனில்யா, ஓஹிப்ளாங்கா என்ற ஆலிவ் ரகங்கள் இரண்டும் இதற்கு ஏற்றவை. மாலகா மாகாணத்தின் குவாதலோர்ஸ் பள்ளத்தாக்கில் விளையும் அலொரேன்யா கிடைத்தால் விடாதீர்கள். அதில் கசப்பு இயல்பிலேயே குறைவு, சதையும் கொட்டையை விட்டுச் சுலபமாகப் பிரியும். எண்ணெய்க்குப் பேர்போன பிக்குவாலிலும் செய்யலாம், கசப்பு இறங்கக் கூடுதல் நாள் ஆகும்.

இலைப் பச்சை நிறம் மாறி, காய் லேசாக மஞ்சள் பூத்த வெளிர் பச்சைக்கு வரும்போது பறிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஒன்றை நசுக்கிப் பாருங்கள். பால் போன்ற வெள்ளைச் சாறு வந்தால் பக்குவம். ஊதா நிறம் தட்டியதை ஒதுக்குங்கள், ஊறியதும் குழைந்துவிடும். தோலில் சிறு துளையோ கருத்த புள்ளியோ இருந்தால் ஆலிவ் ஈ முட்டையிட்ட காயாக இருக்கலாம், அதுவும் வேண்டாம்.

கோலால் அடித்து உதிர்ப்பது எண்ணெய்க் காய்க்கு மட்டுமே. உண்ணும் காயைக் கையால் உருவித்தான் பறிக்க வேண்டும். செவில் பக்கம் பறிப்பவர்கள் மகாகோ என்ற கூடையைக் கழுத்தில் மாட்டி வயிற்றுக்கு முன்னே தொங்கவிட்டிருப்பார்கள். காய் விழும் தூரம் ஒரு சாண்கூட இருக்காது. மன்சனில்யாவுக்கு அடிபட்டால் கொஞ்ச நேரத்திலேயே பழுப்புத் தழும்பு விழும், அது பிறகு மறையாது.

தட்டுவது

3 கிலோ காய், 10 லிட்டர் வாளி ஒன்று, மரப்பலகை, சிறிய மரச்சுத்தியல். சுத்தியல் இல்லாவிட்டால் வழவழப்பான ஆற்றுக்கல் போதும். இரும்போ அலுமினியமோ வேண்டாம். இரும்பு பட்டால் காய் கருக்கும், அலுமினியத்தை உப்பும் புளிப்பும் அரிக்கும்.

பறித்த அன்றே தட்டிவிடுங்கள். காயைப் பலகையில் படுக்கவைத்து ஒரே ஒரு அடி. தோல் வெடித்துச் சதை பிளக்க வேண்டும், கொட்டை உடையக் கூடாது. முதல் பத்துப் பதினைந்து காய்களில் கை அளவு பிடிபட்டுவிடும். சதை பிளக்கும்போது ஈரமான மெத்துச் சத்தம் வரும். வறண்ட 'டக்' கேட்டால் கொட்டை போய்விட்டது என்று பொருள். அந்தக் காயை எடுத்துவிடுங்கள், சில்லு பல்லில் மாட்டும். சாறு துணியில் கறை பிடிக்கும் என்பதால் பழைய உடுப்போடு உட்காருங்கள்.

தட்டிய காயைக் கையோடு வாளித் தண்ணீரில் போடுங்கள். பலகையிலேயே குவித்து வைத்தால் காற்றுப் பட்டுப் பழுப்பு நிறமாகிவிடும். எல்லாம் போட்டபின் மேலே ஒரு தட்டை வைத்து, ஒரு காய்கூட மிதக்காமல் அமுக்குங்கள்.

தண்ணீர் மாற்றுவது

காலையும் மாலையும் தண்ணீரை முழுக்க வடித்துப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் இரண்டு நாள் வடிக்கும் தண்ணீர் பழுப்பாகக் கலங்கி இருக்கும், பயப்பட வேண்டாம். வாளி நிழலில், குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும். அக்டோபரிலும் செவிலில் வெயில் காயும். வாளி சூடானால் காய் வழுவழுத்துப் புளித்த வாடை அடிக்கும். அந்த மாதிரி நாளில் மூன்று முறை மாற்றுங்கள்.

சாதாரணமாக 6 முதல் 10 நாள் பிடிக்கும். ஆனால் நாள்கணக்கை நம்பி நிறுத்தாதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஒரு காயைக் கடித்துப் பாருங்கள். கசப்பு லேசாக மிச்சமிருக்கும்போதே நிறுத்துவதுதான் சரி. முழுக்கப் போகட்டும் என்று இன்னும் நாலு நாள் விட்டால் கசப்போடு ருசியும் போய், சதை சப்பென்று ஆகிவிடும். புதியவர்கள் அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

ஆலைகளில் சுமார் 2 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுச் சில மணி நேரத்திலேயே கசப்பை எடுக்கிறார்கள். வீட்டில் அதைத் தொட வேண்டாம். தோலையும் கண்ணையும் எரிக்கும் பொருள் அது, தட்டிய காய்க்குத் தேவையும் இல்லை.

உப்பும் மணமும்

2.5 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் அயோடின் சேர்க்காத உப்பைப் போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் காய் வெந்துபோகும். இதில் 100 மில்லி ஒயின் வினிகர். நாக்கில் வைத்தால் உப்பு தூக்கலாகத் தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும். காய்க்குள் இருக்கும் நீரும் உப்பில் பங்கு கேட்கும். இரண்டு நாளில் தண்ணீரின் உப்புச் செறிவு ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும்.

முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். புது முட்டையின் ஓடு ஒரு நாணய அகலத்துக்கு வெளியே தெரிந்தால் உப்பு சுமார் 10 சதவீதம். மாதக்கணக்கில் ஊறப்போடும் முழுக் காய்க்கு அந்த அளவு பொருந்தும், சீக்கிரம் தின்னும் தட்டிய காய்க்கு அவ்வளவு வேண்டாம்.

மணத்துக்கு:

- பூண்டு ஒரு முழுக் கட்டி, பல்லைத் தோலோடு தட்டியது
- தைம் கொத்து 5, 6
- காட்டுப் பெருஞ்சீரகத் தண்டு, விரல் நீளத்தில் 4 துண்டு
- ஓரிகானோ 1 தேக்கரண்டி
- சிவப்புக் குடமிளகாய் பாதி, நறுக்கியது
- கசப்பு ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று, கிடைத்தால்

பூத்து முற்றிய பெருஞ்சீரகத் தண்டு அந்தப் பருவத்தில் வழியோரமெல்லாம் நிற்கும். தெரிந்தவர் காட்டித் தராமல் பறிக்காதீர்கள், அதே குடும்பத்தில் நச்சுச் செடிகளும் உண்டு. கடைச் சோம்பு 1 தேக்கரண்டி போட்டாலும் நடக்கும்.

கண்ணாடி ஜாடியில் காயும் மணப்பொருளும் அடுக்கடுக்காகப் போட்டு, உப்புத் தண்ணீர் மேலே இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றுங்கள். மேலே ஒரு கொத்துத் தைம் திணித்தால் காய் மிதக்காது. பண்ணை வீடுகளில் லெப்ரில்யோ என்ற மெருகிட்ட மண் தொட்டிகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், புளிப்புப் பட்டால் அது உணவில் இறங்கும்.

ஜாடி குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும். நாலைந்து நாளில் தின்னலாம். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் சுத்தமான மரக்கரண்டியால் எடுங்கள்.

மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்தான். வழித்தெடுத்து, காய் முழுக்க மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சுபோல் பூத்தால் அது பூசணம், ஜாடியையே கொட்டிவிடுங்கள். உப்பும் புளிப்பும் குறைந்து கெட்டுப்போன காயில் பழைய தோல் செருப்பு வாடை அடிக்கும். ஸ்பெயின்காரர்கள் அதைச் சபத்தேரா என்பார்கள். அந்த வாடை வந்தால் சுவைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

வார இறுதிக்கு மட்டும் தங்குபவர்கள், தட்டிய காயைத் தண்ணீர் தளும்ப நிரப்பிய மூடிபோட்ட வாளியில் எடுத்துச் செல்லுங்கள். வீடு சேர்ந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரை மாற்றி, மீதி நாள்களை அங்கே தொடரலாம்.