ஜோடியாகப் பெருவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: தூரத்தை அளந்து உயரத்தை மறப்பது

வரைபடத்தில் லிமாவுக்கும் குஸ்கோவுக்கும் நடுவே விரல் வைத்து அளந்தால் ஒரு சாண்கூட வராது. விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். காலையில் லிமா கடற்கரையில் காபி, மதியம் குஸ்கோவில் சாப்பாடு, சாயங்காலம் ஊர் சுற்றல் என்று திட்டம் போட்டேன். எங்கள் 25-வது கல்யாண நாளுக்காகத் தோளில் பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பயணம் அது. திட்டம் போட்டது நான்தான், அதனால் பழியும் என்னுடையதுதான்.

லிமா கடல் மட்டத்தில் இருக்கிறது. குஸ்கோ 3,400 மீட்டரில். நம் ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னும் 750 மீட்டர் ஏற்றி வைத்த ஊர் குஸ்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. படித்திருந்தேன். "கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதானே" என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது தவறு, தங்குமிடம். சான் பிளாஸ் என்கிற பழைய பகுதியில், ஊரையே மேலிருந்து பார்க்கிற மாதிரி ஓர் அறை. படங்களில் அவ்வளவு அழகு. மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும் என்பது டாக்சி நின்ற இடத்தில்தான் உறைத்தது. அங்கிருந்து கல் பாவிய சந்தில் செங்குத்தான படிகள், முதுகில் பன்னிரண்டு கிலோ. இவர் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடுகிறவர். என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். நான் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து போனேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு விழுந்தது அவர்தான். மண்டையைப் பிளக்கிற தலைவலி, இரண்டு முறை வாந்தி, கண்ணை மூடினால் தூக்கம் இல்லை. விடுதிக்காரம்மா கோகா இலைத் தேநீரும் ஒரு ஆக்சிஜன் குடுவையும் கொண்டுவந்து கொடுத்தார். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மலை வியாதி வராது என்பது தப்பு எண்ணம். வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் வலுவானவர்கள்தான் முதல் நாளே ஓடியாடி மாட்டிக்கொள்கிறார்கள். ஜோடியாகப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: இரண்டு உடம்பும் ஒரே வேகத்தில் பழகாது. யாருக்கு வரும் என்று ஊரில் உட்கார்ந்து ஜோசியம் சொல்ல முடியாது.

மறுநாள் காலை சாக்சாய்வாமன் கோட்டை பார்க்கிற திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஷேர் வேன் பிடித்து உருபம்பா பள்ளத்தாக்கில் இருக்கிற ஓயந்தைதாம்போவுக்கு இறங்கினோம். இரண்டு மணி நேரப் பயணம், உயரம் சுமார் 2,790 மீட்டர். சாயங்காலத்துக்குள் தலைவலி போய், "பசிக்குது" என்றார். அறுநூறு மீட்டர் இறங்கினதற்கு அவ்வளவு பலன்.

சரியான வழி என்னவென்றால், குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல் நேராக உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவது. அங்கே இரண்டு மூன்று நாள், பிறகு இன்கா காலத்துப் பழைய ஊரான மச்சு பிச்சு, கடைசியில் குஸ்கோ. பலருக்கு இது தெரியாது: மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், குஸ்கோவை விட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே. நாள் நிறைய இருந்தால் விமானத்தையே விட்டுவிட்டு லிமா, நாஸ்கா, அரேகிபா, பூனோ, குஸ்கோ என்று பஸ்ஸில் ஏறலாம். அரேகிபா 2,335 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். அங்கே மூன்று நாள் தங்கினால் உடம்பு பழகும். ஆனால் அங்கிருந்து கொல்கா பள்ளத்தாக்குக்குப் போகிற சாலை நடுவில் 4,900 மீட்டர் கணவாயைத் தாண்டுகிறது. அதை முதல் நாளே செய்யாதீர்கள்.

மலை வியாதி வராமல் தடுக்கப் போடுகிற அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. முதல் இரண்டு நாள் பிஸ்கோ சவர் மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், அது சாதாரணத் தலைவலி இல்லை. விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கீழே இறங்க வேண்டும்.

அந்த ராத்திரியில் எங்களுக்குள் நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன். "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் படுத்திருக்கேன்" என்றார். "உங்கள விட்டுட்டு நான் எங்க போறது" என்றேன். இரண்டு பேருமே நியாயம்தான் பேசினோம், இரண்டு பேருக்குமே எரிச்சல். ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். முதல் ராத்திரி கூட இருப்பது, உடம்பு தேறிய பிறகு ஆளுக்கொரு நாள் தனியாகப் போவதில் தப்பில்லை என்று பிறகு முடிவு செய்தோம். கொல்காவில் காண்டோர் கழுகு பார்க்க விடியற்காலையில் நான் தனியாகத்தான் போனேன். அவர் அந்நேரம் குறட்டை.

மச்சு பிச்சு டிக்கெட்

இங்கேதான் பணமும் மனசும் அதிகம் வீணாகிறது. முதலில் ரயிலையும் ஓட்டலையும் போட்டுவிட்டு, அப்புறம் நுழைவுச்சீட்டு தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் நுழைவுச்சீட்டு, அதில் கிடைக்கிற தேதிக்கும் நேரத்துக்கும் ஏற்ப ரயில், கடைசியில் அறை. மே முதல் செப்டம்பர் வரையான காலத்துக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே போட வேண்டும்.

டிக்கெட் என்றால் ஒரே டிக்கெட் இல்லை. 2024 முதல் மூன்று சுற்றுப் பாதைகள், ஒவ்வொன்றுக்கும் கிளைகள். போஸ்டர்களில் பார்க்கிறோமே, பச்சை மலை பின்னணியில் மொத்த ஊரும் கீழே விரிந்து கிடக்கிற படம், அது மேல் தளத்திலிருந்து எடுப்பது. முதல், இரண்டாம் பாதைகளில்தான் அந்தக் காட்சி கிடைக்கும். படத்தில் பின்னால் கூம்பாக நிற்கிற வைனா பிச்சு மலையில் ஏறலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினால் அது மூன்றாம் பாதை. மலை ஏறலாம், அந்தப் படம் கிடையாது. ஓட்டலில் பக்கத்து அறையில் இருந்த ஒரு இளம் ஜோடி இதில் மாட்டிக்கொண்டது. அவ்வளவு தூரம் வந்து, மலை உச்சி வரை ஏறி, "அந்த இடம் எங்கே?" என்று காவலரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் வேறு டிக்கெட் என்றிருக்கிறார். என்னைக் கேட்டால், முதல் முறை போகிறவர்கள் இரண்டாம் பாதை வாங்குங்கள். மேல் தளமும் உண்டு, ஊருக்குள் நடப்பதும் உண்டு.

பெயர் விஷயம் நமக்கென்றே வாய்த்த தலைவலி. படிவத்தில் பெயர் தனி, குடும்பப் பெயர் தனி. நம்மில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. மற்றவர்களுக்கு அங்கே அப்பா பெயர் உட்கார்ந்திருக்கும், வங்கி அட்டையிலோ வெறும் இனிஷியல். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து பிசகாமல் போடுங்கள். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். வாசலில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று குஸ்கோ ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலோடு வருவது தேவையில்லாத விஷப்பரீட்சை.

உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலுக்கு வெளியே மட்டும்தான். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். தண்ணீரை அளந்து குடியுங்கள்.

ரயில் விலை அதிகம் என்று மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் குஸ்கோவிலிருந்து ஹித்ரோயெலெக்த்ரிகா வரை வேனில் ஆறேழு மணி நேரம் போய், அங்கிருந்து தண்டவாள ஓரமாக இரண்டரை மூன்று மணி நேரம் நடந்து மச்சு பிச்சு அடிவாரத்து ஊரான அகுவாஸ் கலியெந்தெஸ் அடைகிறார்கள். நல்ல நடைதான், ஆற்றோரம், காடு. ஆனால் ஜனவரி, பிப்ரவரி மழையில் மண் சரியும், இருட்டிய பிறகு தண்டவாளத்தில் நடக்கவே கூடாது. புகழ்பெற்ற இன்கா நடைபாதை வேறு. 43 கிலோமீட்டர், நான்கு நாள், வழிகாட்டியோடுதான் அனுமதி, பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள். சுமைதூக்கிகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் ஏமாற்றம் உறுதி.

இனி சின்னச் சின்ன விஷயங்கள்.

ஜூன், ஜூலை என்றால் நமக்கு வெயில் முடிந்த காலம். அங்கே அது குளிர்காலம், மழை இல்லாத காலமும் அதுதான். பகலில் தோல் கருகும், ராத்திரி பல் கிட்டும். லிமாவிலோ அந்த மாதங்களில் வானம் சாம்பல் போர்வைதான், சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். கனமான ஒரே கோட்டைத் தூக்கிக்கொண்டு போகாமல், மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடுங்கள். அல்பாகா கம்பளிக் குல்லாய் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், வாங்காமல் வரவும் மாட்டீர்கள்.

டாலர் நோட்டில் மயிரிழை கிழிசல் இருந்தாலும் மாற்றித் தரமாட்டார்கள். என்னுடைய ஐம்பது டாலர் நோட்டு ஓரத்தில் அரிசி அளவு கிழிசலோடு பெரு முழுக்கச் சுற்றிவிட்டு மதுரைக்கே திரும்பி வந்தது. ஊரில் வாங்கும்போதே புது நோட்டாகக் கேளுங்கள். இரண்டு பேர் அட்டைகளையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒரு பை போனால் இன்னொன்றில் வாழலாம்.

சைவக்காரர்களுக்கு ஒரு பாடம். "சின் கார்னே" என்றால் மாமிசம் இல்லாமல் என்று அர்த்தம். நான் பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், கோழி வந்தது. அவர்கள் பேச்சில் கார்னே என்றால் ஆடு மாடு வகை, கோழி தனி இனம். "நி போயோ, நி பெஸ்காதோ" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், கோழியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று. அப்படியும் சூப்பில் கோழிச்சாறு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பயப்படத் தேவையில்லை. உருளைக்கிழங்கு பிறந்த மண் அது, ஆயிரக்கணக்கான ரகம். அதற்கு அங்கே பெயர் பாப்பா, பழைய கெச்சுவா மொழிச் சொல். சந்தையில் கிழவி ஒருத்தி கூடையைக் காட்டி "பாப்பா, பாப்பா" என்று கூவ, இவர் குழந்தையைத் தேடினார்.

கழிப்பறையில் காகிதத்தைக் கோப்பையில் போடக் கூடாது, பக்கத்தில் கூடை இருக்கும். தண்ணீர்க் குழாய் எதிர்பார்க்காதீர்கள், ஒரு காலி பாட்டில் எப்போதும் பையில் இருக்கட்டும். இதை எழுதினால் சிரிப்பார்கள், போய் வந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

வானவில் மலை என்று எல்லோரும் படம் போடுகிற வினிகுங்கா 5,000 மீட்டருக்கு மேல். பேருந்துக் கூட்டமாக விடிகாலையில் கிளம்பி, மூச்சுக்கு அலைந்து, வரிசையில் நின்று படம் எடுத்துத் திரும்புகிறார்கள். படத்தில் தெரிகிற அளவு நிறம் நேரில் பளிச்சென்றும் இருப்பதில்லை என்றார்கள் போனவர்கள். நாங்கள் விட்டுவிட்டோம். அந்த நாளை டிட்டிகாக்கா ஏரியில் தக்கீலே தீவுக்குக் கொடுத்தோம். அங்கே ஆண்கள்தான் குல்லாய் பின்னுகிறார்கள். நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, ஊசியைப் பார்க்காமல். இவரிடம் "கத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

பயணம் 16 நாள் என்றால் போக வர மட்டுமே நான்கு நாள் போய்விடும். அமெரிக்கா வழியாக விமானம் மாறுவதென்றால் அந்த நாட்டு விசா இல்லாமல் விமான நிலையத்துக்குள்கூட இருக்க முடியாது, மலிவு டிக்கெட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெருவில் சாலை மறியல் சகஜம், "பாரோ" என்பார்கள். 2023 ஜனவரியில் போராட்டத்தால் மச்சு பிச்சுவையே சில வாரம் மூடி வைத்தார்கள். ஆகவே குஸ்கோவிலிருந்து வந்த அன்றே ஊர் திரும்பும் விமானம் பிடிக்கிற மாதிரி போடாமல், கடைசி இரண்டு ராத்திரி லிமாவில் இருங்கள்.

கோகா இலை அங்கே கடையில் பொட்டலமாக விற்கும், தேநீர்ப் பை ஓட்டலிலேயே இலவசம். ஞாபகத்துக்கு ஒன்று என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி இங்கே அது குற்றம். லிமா ஓட்டலில் கடைசி ராத்திரி எல்லாப் பைகளையும் கட்டிலில் கொட்டி, சட்டைப் பைகள் வரை தேடினேன். இவருடைய மழைச் சட்டையில் இரண்டு பை இருந்தன.

மஞ்சள் அட்டை

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பும்போது மாட்டிக்கொள்கிற தவறு இது. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் பெருவும் உண்டு. நீங்கள் போனது மலைப் பகுதி மட்டும் என்றாலும், அமேசான் காட்டை எட்டிப் பார்க்கவில்லை என்றாலும், திரும்பி வரும்போது தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். இது மூலைக்கு மூலை இருக்கிற கிளினிக்கில் போடுவதில்லை, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது தாண்டியவர்களும் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

சென்னையில் இறங்கியபோது எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் சுகாதார மேசையில் அட்டை கேட்டார்கள். ஊசி போட்டிருந்தார், அட்டையும் இருந்தது, பெட்டிக்குள். பெட்டி இன்னும் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தது, அதை எடுக்கப் போக வேண்டுமென்றால் இந்த மேசையைத் தாண்ட வேண்டும்.