முகம் தெரியாதவருக்குப் பணம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணத்தை நாம் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று தெரிய, முன்பின் தெரியாத ஒருவருக்குச் சும்மா கொடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று பேர் வாங்கிய வள்ளலின் ஊரான கீழக்கரை, நம் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும் சொதப்புகிறோம்.

ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு காசு போடுவோம். அது புண்ணியக் கணக்கு, தப்பில்லை. ஆனால் காசு போனதே நமக்கு உறைக்காது. கை கொஞ்சம் தயங்குகிற தொகையாக இருக்கட்டும். 200, 500, அவரவர் வசதி. அதற்காக வீட்டுச் செலவில் கைவைக்கக் கூடாது.

பெரிய தவறு, எதற்கென்று சொல்லாமல் நீட்டுவது. இந்தக் கரையில் சும்மா வருகிற பணம் குறைவு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர், மீனை அவருக்கே போட வேண்டும், பெரும்பாலும் அவர் சொல்லும் விலைக்கு. அப்படிப் பழகிய ஊரில், பாம்பனில் கடல்பாசி காயப்போடும் அக்காவிடம் 500 ரூபாயை நீட்டினால், "எதுக்குத் தம்பி, எலெக்‌ஷன் வருதா?" என்றுதான் கேட்பார். "சும்மாதான்க்கா, திருப்பித் தர வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு அது கௌரவப் பிரச்சினை.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, வாங்குபவருக்கு அந்தப் பணம் கூடுதலாகவே உதவும்.

செல்போனில் படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், கொடுத்த பணத்தின் பின்னாலேயே மனதால் போவது. "குடிச்சிருப்பானோ?" என்ற நினைப்பு வந்தால் பணம் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த பல நாட்டுத் திட்டங்களை உலக வங்கி ஆய்வாளர்கள் அலசியபோது, பொதுவாகக் குடிக்கும் புகைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. அப்படியே ஒருவர் குடித்தாலும், கொடுத்த பிறகு அது அவர் காசு. அவர் குடும்பக் கதையைத் தோண்டிக் கேட்பதும் இதே ரகம்தான்.

இன்னொன்றும் நிறையப் பேர் செய்வது: யாரோ ஒருவருக்கு 500 கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் கருவாட்டுக்காரம்மாவிடம் 10 ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது. அன்றைக்காவது அவர் சொன்ன விலைக்கே வாங்கிவிடுங்கள்.