பாலைவனத்தில் பிரிட்டிஷ் டாங்கி அதிகாரி: படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில், 1940 முதல் 1943 வரை எகிப்து, லிபியா மணலில் நடந்த போரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியத் தளபதி ரோமெலின் சாமர்த்தியத்தையே எழுதுகிறார்கள். எதிரில் டாங்கிக்குள் நின்ற இளம் பிரிட்டிஷ் லெப்டினன்டைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதியவர்கள் குறைவு.

டாங்கியும் டாங்கியும் மோதியதுதான் அந்தப் போர் என்று நினைக்காதீர்கள். லிபியாவில் 1941 நவம்பரில் சிதி ரெசேக்கிலும், 1942 கோடையில் கசாலாவிலும் பிரிட்டிஷ் டாங்கிகளுக்குப் பெரிய எமனாக இருந்தவை மணலோடு மணலாகப் பதுங்கியிருந்த ஜெர்மானிய டாங்கி எதிர்ப்பு பீரங்கிகள். ஜெர்மானிய டாங்கிகள் பின்வாங்கும்; துரத்திப் போனால் அந்தப் பீரங்கிகளின் வாயில் போய் விழவேண்டியதுதான். எல்லாப் புகழும் 88 மி.மீ. பீரங்கிக்கே போகிறது. தாழ்வான, கண்ணில் படாத 50 மி.மீ. பீரங்கியையும் மறக்கக் கூடாது.

'குதிரைப்படைத் திமிரில் பாய்ந்து செத்தார்கள்' என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. சில படைப்பிரிவுகள் குதிரையை விட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பது உண்மைதான். ஆனால் பிரிட்டிஷாரின் குரூசேடர் டாங்கியில் இருந்த '2 பவுண்டர்' என்ற சிறிய பீரங்கிக்குக் கொடுக்கப்பட்டது வெறும் இரும்புக் குண்டு. இரும்புத் தகட்டைத் துளைக்கும், வெடிக்காது. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் பள்ளத்தில் இருக்கும் பீரங்கிக்காரர்களை அதை வைத்து என்ன செய்ய முடியும்? இயந்திரத் துப்பாக்கிக்கு எட்டும் தூரம்வரை நெருங்கித்தான் ஆகவேண்டும். 1942 மே மாதம், வெடிகுண்டு வீசும் 75 மி.மீ. பீரங்கியோடு அமெரிக்கத் தயாரிப்பான கிராண்ட் டாங்கி களத்துக்கு வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. அதற்கு முன் செத்தவர்களை முட்டாள்கள் என்பது அநியாயம்.

அதிகாரி இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தார் என்பதும் தவறு. புழுதியிலும் கானலிலும் பெரிஸ்கோப் வழியாக ஒன்றும் தெரியாது. அதனால் தலையை வெளியே நீட்டியபடிதான் போரிட்டார்கள். சிதறும் துண்டுகள் முதலில் தாக்கியதும் அவர்களைத்தான்.

இருட்டியதும் ஓய்வு என்றும் எழுதிவிடாதீர்கள். டாங்கிகள் ஒன்றாகக் கூடி, பெட்ரோலும் குண்டும் நிரப்பி, பழுது பார்த்து முடிக்க நள்ளிரவாகும். விடியுமுன் மறுபடி கிளம்பவேண்டும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. பெட்ரோல் டின்னை வெட்டி, மணலில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தி டீ போடுவதை அவர்கள் 'ப்ரூ அப்' என்றார்கள். டாங்கி தீப்பிடித்து எரிவதற்கும் அதே சொல்தான். இடம் பார்த்து எழுதுங்கள்.