கடல் பூதத்துக்கு மலையில் ஒரு பிறப்புக் கதை கட்டுவது எப்படி?

என் பேரப்பிள்ளைகள் தூத்துக்குடிக்காரர்கள். மே மாதம் கொடைக்கானல் வந்தால் கதை கேட்பார்கள், அதுவும் கடல் பூதக் கதைதான் வேண்டும். மீனோடு வளர்ந்த பிள்ளைகளிடம் வாய்க்கு வந்ததை அளக்க முடியாது. எனவே பொய்யைத் தொடங்குமுன் மெய்யைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நார்வேக்காரர்கள் பயந்த கிராக்கன் என்ற கடல் பூதத்தையே எடுப்போம். அதன் முதுகு ஒன்றரை மைல் சுற்றளவு என்று 1750களில் பொன்டோப்பிடான் என்ற பிஷப் எழுதிவைத்தார். இந்தக் கதைக்கு மூலம் என்று கருதப்படும் ராட்சதக் கணவாய் மீனுக்கு 1857இல் டென்மார்க் விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரப் அறிவியல் பெயர் சூட்டினார். எட்டுக் கை, அவற்றைவிட நீளமாக இன்னும் இரண்டு, கால் மீட்டர் அகலக் கண். இவற்றில் கை வைக்காதீர்கள். இத்தனை கை எதற்கு, இவ்வளவு பெரிய கண் எதற்கு என்பதைத்தான் கதை சொல்ல வேண்டும்.

அதற்கான பதிலை உங்கள் ஊரிலேயே தேடுங்கள். எனக்குக் கொடைக்கானலில் மலை விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக் கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் வெயில், எதிரே பள்ளத்தில் மேகம் என்று அமைந்தால், நம் நிழல் மேகத்தின்மேல் பூதாகரமாக விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம்கூட வரும். புரோக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். அதிலிருந்து நான் கட்டியது இது:

ஆதியில் ஒரு சோலைமரத்தின் நிழல் மேகத்தில் விழுந்தது. அந்திக்குள் எல்லா நிழலும் வீடு திரும்ப வேண்டும். இது திரும்பவில்லை. மேகத்தோடு கிழக்கே போய், மழையோடு கடலில் இறங்கிவிட்டது. கிளைகள் கைகளாயின. வெளிச்சம் இல்லாமல் நிழல் ஏது? ஆழத்தில் அதைத் தேடித் தேடியே கண் பெருத்தது. விளக்கெரியும் கப்பலைக் கண்டால் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். கப்பல் உடைவது அதற்கே வருத்தம்தான்.

கவனித்தீர்களா, பூதத்துக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு தேவை இருந்தால் போதும், மீதிக் கதை தானே ஓடும்.

குறுக்குக் கேள்விக்கும் தயாராக இருங்கள். "அந்த ரெண்டு நீளக் கை ஏது தாத்தா?" என்றான் பெரியவன். மரத்தில் படர்ந்திருந்த கொடிகள் என்றேன். சரி, தப்பித்தேன்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "பளியர்களின் பழங்கதை" என்று முத்திரை குத்துவது. இந்த மலையின் பழங்குடிகளான அவர்களுக்குச் சொந்தக் கதைகள் உண்டு. இது நம் சரக்கு, அப்படியே சொல்லிவிடலாம்.

அப்புறம், மறுநாள் படகுச் சவாரி இருந்தால், கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் துரை உண்டாக்கியது, அதில் பூதம் வர வழியில்லை என்று இரவே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் டிக்கெட் காசு வீண்.