ஒரு ராத்திரி ரூம், முழுசாக இரண்டு நாள்: லெகோலேண்ட் விடுதியில் முதல் முறை தங்கப் போகிறவர்களுக்கு

ஜோகூரில் ரெங்கம், லாயாங் லாயாங் தோட்டங்கள் பக்கமிருந்து லெகோலேண்ட் கேளிக்கைப் பார்க்குக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பக்கம்தானே என்று நம்மில் பலர் மாலையில் போய் ரூம் எடுத்து, தூங்கி எழுந்து, மறுநாள் மதியமே தோட்டத்துக்குத் திரும்பி விடுகிறார்கள். அது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். செம்பனை வேலையில் மிச்சம் பிடித்துச் சேர்த்த காசு அது. ஒரே ஓர் இரவுக்குத்தான் பணம் கட்டுகிறோம், ஆனால் சரியாகத் திட்டம் போட்டால் இரண்டு பகல் முழுசாகக் கிடைக்கும்.

1. முதலில் தேதி

2025 ஜனவரி முதல் ஜோகூரில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். முன்பு வெள்ளி, சனியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் கூட்டம் குறைவாக இருந்தது. இப்போது நாமும் சிங்கப்பூர்க்காரர்களும் கோலாலம்பூர் ஆட்களும் ஒரே நாளில் போய் நிற்கிறோம். நம் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூர்ப் பள்ளிகள் நடக்கும் வாரமாகப் பார்த்து, ஒரு வேலை நாளைப் பிடியுங்கள். அவர்களுக்கு ஜூன் மாதமும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரையும் நீண்ட விடுமுறை.

வேலை நாளில் ஒரு சிக்கல் உண்டு. சில நாட்களில் பார்க்கோ தண்ணீர் பூங்காவோ மூடியிருக்கலாம். திறந்திருக்கும் நாட்களை அவர்களுடைய இணையத்தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் ரூம் போடுங்கள்.

2. ரூமும் டிக்கெட்டும்

ரூமையும் டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தால் எவ்வளவு, சேர்த்து எடுத்தால் எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் பார்க், இரண்டாம் நாள் தண்ணீர் பூங்கா என்று போகிற மாதிரி டிக்கெட் இருக்க வேண்டும். மலேசியர்களுக்கான விலை இருந்தால் அதையே எடுங்கள்.

விடுதி 2013-இல் திறந்தது, 249 அறைகள். கடற்கொள்ளையர், அரண்மனை, சாகசம் என்று அறைகளுக்குக் கதை உண்டு. எந்தக் கதை வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு அடுக்குக் கட்டிலோடு தனி மூலை இருக்கும், இழுத்து விரிக்கும் படுக்கையும் உண்டு. அதனால் இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரே ரூம் போதும்.

எல்லோருடைய அடையாள அட்டையையும், பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்ற சுற்றுலா வரி வெளிநாட்டவருக்குத்தான். நிரந்தரவாசிகளுக்கும் அது கிடையாது. இந்த மண்ணிலேயே ஆயுசு முழுக்கப் பால் வெட்டிவிட்டு இன்னும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு இருக்கும் பாட்டிமார் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர் பெயரில் ரூம் எடுத்திருந்தாலும் அந்த வரி வராது. கவுண்டரில் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

3. முதல் நாள்: ரூமுக்குக் காத்திருக்காதீர்கள்

சாவி பிற்பகலில்தான் கிடைக்கும். அதற்காக வீட்டிலிருந்து மதியம் கிளம்ப வேண்டாம். விடியற்காலையில் பசியாறிவிட்டு சிம்பாங் ரெங்கம் டோல் வழியாக இறங்குங்கள். விடுதி பார்க் வாசலை ஒட்டியே இருக்கிறது. பெட்டிகளைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு, பார்க் திறக்கும்போது வாசலில் நில்லுங்கள்.

வெளியில் ஓடும் ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். டிராகன் ரோலர் கோஸ்டரை முதலில் பிடிப்பது நல்லது. ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, வீட்டிலேயே பிள்ளைகளை அளந்துவிடுங்கள். வரிசையில் நின்று கடைசியில் முடியாது என்று திருப்பி அனுப்பினால் பிள்ளை அழுது தீர்த்துவிடும். நம் ஊர் மழை மதியத்துக்கு மேல்தான் இடியோடு வரும். மின்னல் அடித்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

பெரியவர்களை மினிலேண்டுக்குக் கூட்டிப் போங்கள். ஆசியாவின் பேர்போன கட்டடங்களை லெகோ கட்டைகளால் சின்னதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். இரட்டைக் கோபுரமும் தாஜ்மகாலும் பாட்டிக்கு நிச்சயம் பிடிக்கும். வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.

4. சாவி வாங்கியதும்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்ப வெளியே ஓடாதீர்கள். ரூமுக்குள் ஒரு புதையல் வேட்டை இருக்கிறது. ஒரு தாளில் கேள்விகள் இருக்கும். விடைகள் அறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், தேடி எண்ண வேண்டும். கிடைத்த எண்களைப் போட்டால் பெட்டகம் திறக்கும், உள்ளே பிள்ளைகளுக்குப் பரிசு. தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்குக் கேள்வியைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள், விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பெட்டகம் திறக்கிற அந்த நிமிஷம் பிள்ளைக்கே சொந்தமாக இருக்கட்டும்.

அப்புறம் கீழே இறங்குங்கள். வரவேற்புக் கூடத்திலேயே பிள்ளைகள் ஏறி விளையாட இடமும் கொட்டிக் கிடக்கும் லெகோ கட்டைகளும் உண்டு. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்னென்ன நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு என்று கவுண்டரில் கேட்டு வையுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு விடுதியிலேயே செலவழிக்கத் தேவையில்லை, எதிரில் மெடினி மால் இருக்கிறது.

5. இரண்டாம் நாள்

காலை உணவு ரூமோடு சேர்ந்திருந்தால், கூட்டம் வருமுன் போய் நிதானமாகச் சாப்பிடுங்கள். அதன் பிறகு ரூமைக் காலி செய்து, பெட்டிகளைத் திரும்பவும் கவுண்டரில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பூங்காவுக்குப் போங்கள். மாற்றுடையும் துண்டும் மட்டும் தனிப் பையில் இருக்கட்டும்.

ஜீன்ஸ், பருத்தி டீசட்டையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடை வேண்டும். அம்மாக்கள் கூச்சப்பட்டுக் கரையிலேயே உட்கார வேண்டாம். கை, கால் முழுக்க மூடும் நீச்சல் உடை ஊர்ச் சந்தையிலேயே மலிவாகக் கிடைக்கும். மிதவையில் லெகோ கட்டைகளை அடுக்கிக்கொண்டு மெதுவாக மிதந்து போகும் ஆறு ஒன்று இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்களும் பிள்ளையோடு அதில் போகலாம்.

மாலை ஐந்து மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் வேலை முடிந்து போகிறவர்களின் நெரிசல் இருக்கும். நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் இருட்டும் வரை இருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் திரும்பி வருவதற்கும் சேர்த்து முன்கூட்டியே காசு போட்டு வைத்திருங்கள்.